வெள்ளிக்கிழமை எண்ணெய்

கேட்கிறதா அம்மா? இதோ, இப்போது. பஸ் டிரைவர் வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் ஒரு கீச்சு. குருவி என்று நினைத்திருப்பாய். குருவி இல்லை, பெல்ட். இன்ஜினில் சுற்றுகிற பெல்ட் தேய்ந்துபோனால் இப்படித்தான் கத்தும். முதலில் ஒரு நெடில். பிறகு இரண்டு மூன்று குறில். பிறகு ஒற்று வைத்தாற்போல் சட்டென்று நிற்கும். மகளிர் கல்லூரியில் பிள்ளைகளுக்கு யாப்பிலக்கணம் நடத்தியே தலை நரைத்தவள் நான். எந்தச் சத்தம் கேட்டாலும் காது தானாக அசை பிரித்துவிடும். அது ஒரு வியாதி.

நீ ஜன்னல் பக்கமே உட்கார். எனக்குக் காற்று ஆகாது. ராஜபாளையம் வரைக்கும்தானே? நானும் அங்கேதான், மகள் வீட்டுக்கு. இந்தப் பையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பாட்டில் நல்லெண்ணெய், சீயக்காய்த்தூள், அவளுக்குப் பிடித்த கூழ்வடகம். மடியிலேயே வைத்துக்கொள்கிறேன்.

எங்களிடம் கார் இருக்கிறது. பழைய ஃபியட், பாலாடை நிறம். தென்காசியில் எங்கள் தெருவில் எல்லாருக்கும் அதைத் தெரியும். எங்கள் வீட்டுக்காரர் மின்சார வாரியத்தில் இன்ஜினியர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரிடமோ வாங்கி, கடைசிவரைக்கும் அதையேதான் ஓட்டினார். வீட்டு வாசலுக்கு வந்ததும் ஹாரன் அடிப்பார். இரண்டு அடி, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு அடி. பாம்பாம், பாம்பாம். மகள் குழலி அப்போது சின்னவள். எங்கிருந்தாலும் ஓடிவந்து உள்ளே இருந்தபடியே கேட்டின் தகரத்தை அதே தாளத்தில் தட்டுவாள். டப்டப், டப்டப். அதற்குப் பிறகுதான் கேட்டைத் திறப்பாள். அப்பாவுக்கும் மகளுக்கும் அது ஒரு விளையாட்டு. தெருவே வேடிக்கை பார்க்கிறது, மெதுவாகத் தட்டு என்று நான் கத்துவேன். கத்துவேன் என்றால், உனக்கு இப்போது சொல்கிற குரலில்தான். எனக்குக் கத்த வராது.

அவர் போனபிறகு காரை விற்கச் சொல்லாத ஆள் இல்லை. எனக்கு மனசு வரவில்லை. செல்லையா என்று ஓர் ஆக்டிங் டிரைவர். வேண்டும் என்கிறபோது கூப்பிட்டால் வருவார். கோவிலுக்கு, வங்கிக்கு, எப்போதாவது குற்றாலத்துக்கு. அவரும் என்னைப்போல ரிட்டயர் ஆனவர்தான், ஸ்டியரிங்கைப் பிடித்தே முதுகு வளைந்தவர். நல்ல மனிதர், வாய் மட்டும் சும்மா இருக்காது.

போன வைகாசியில் குழலிக்குக் கல்யாணம் நடந்தது. முப்பதைத் தாண்டிவிட்டாளா என்று கேட்காதே, தாண்டிவிட்டாள். எத்தனை ஜாதகம், எத்தனை பஜ்ஜி சொஜ்ஜி. கடைசியில் அமைந்த வரன் இது. பெயர் கதிரேசன். மில்லில் சூப்பர்வைசர், குடிப்பது கிடையாது, புகைப்பது கிடையாது, அதிர்ந்து பேசமாட்டார். எனக்கு முதலில் பிடித்ததே அதுதான், அந்தக் குரல். வேலைக்குப் போக வேண்டாம் என்றார், இவள் பள்ளிக்கூட வேலையை விட்டாள். நானும் விடு என்றுதான் சொன்னேன். அமைந்ததைக் கலைக்கக் கூடாது இல்லையா?

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்கு அழைப்பது உங்கள் பக்கமும் உண்டுதானே? நான் செல்லையாவோடு போய் அழைத்துவந்தேன். அந்த ஆடியில்தான் காரும் கத்த ஆரம்பித்தது. காலையில் கிளப்பினால் போதும், ஊரைக் கூட்டும். எதிர் வீட்டு வக்கீலின் மனைவி மாடியில் துணி காயப்போட்டபடியே சொன்னாள். "மேடம், உங்க புண்ணியத்துல எங்க வீட்ல அலாரமே வைக்கிறதில்ல." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

செல்லையா பானெட்டைத் திறந்து பார்த்தார். "பெல்ட்டு வெடிச்சுப் போச்சும்மா. மாத்திருவோம். வழியில அறுந்தா நடுரோட்டுலதான் நிக்கணும்."

"ஆடியில புதுசா ஒண்ணும் வாங்க வேண்டாம் செல்லையா. ஆவணி பிறக்கட்டும்."

"ஆடித் தள்ளுபடின்னு ஊரே அள்ளிக்கிட்டுப் போகுது. நீங்க ஒரு பெல்ட்டுக்கு மாசம் பாக்கீங்க."

"துணி வேற. இது வண்டி."

"அப்ப சோப்பக் கொஞ்சம் தேய்ச்சுப் பாப்போம். சத்தம் அமுங்கும்."

சோப்பு என்றதும் எனக்கு எண்ணெய் ஞாபகம் வந்தது. கதவுக் கீல் கிறீச்சிட்டால் என்ன செய்கிறோம்? ஊஞ்சல் சங்கிலிக்கு என்ன விடுகிறோம்? மறுநாள் வெள்ளிக்கிழமை. பெண்களுக்கு எண்ணெய் ஸ்நானம் செவ்வாய் வெள்ளியில்தான். எங்கள் வீட்டுக்காரர் அந்தக் காரை எப்போதும் 'அவள்' என்றுதான் சொல்வார், அதனால் வெள்ளிக்கிழமை அவளுக்கும் பொருந்தும். சிரிக்காதே. குழலியை முற்றத்தில் மணையில் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்தேன். கிண்ணத்தில் மிச்சமிருந்ததில் பஞ்சைத் தோய்த்து, நானே பானெட்டைத் திறந்து, அந்தப் பெல்ட்டைச் சுற்றித் தடவிவிட்டேன். கிளப்பிப் பார்த்தார் செல்லையா. சத்தம் நின்றுவிட்டது.

நின்றேவிட்டது அம்மா! வக்கீல் மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

கடையநல்லூர் வந்துவிட்டதா? இறங்குகிறவர்கள் இறங்கட்டும், காலை ஒதுக்கிக்கொள்.

என்ன சொன்னேன்? ஆமாம், சத்தம் நின்றது. நாலு நாள் கழித்து மறுபடி வந்தது, முன்னைவிடக் கூடுதலாக. அடுத்த வெள்ளி மறுபடி எண்ணெய். அந்த ஆடி முழுக்க எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் குழலிக்கு ஒரு கிண்ணம், காருக்கு ஒரு பஞ்சு.

அந்த எண்ணெய்க்கு உட்காரும்போதுதான் அவள் பேசுவாள். முகத்தைப் பார்க்க வேண்டாம், பார். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள்.

"அம்மா, அவர் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிட்டுப் போறார்."

"எதை?"

"வீட்டை. நான் உள்ள இருக்கும்போது. போனையும் எடுத்துட்டுப் போயிடறார்."

நீயே சொல், புதிதாகப் போட்ட பிளாட்டில் தனி வீடு. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வீடுகள். புதுப்பெண் தனியாக இருக்கிறாள். ஓர் ஆண்பிள்ளைக்குப் பயம் இருக்காதா? நான் அதைத்தான் சொன்னேன். "பாதுகாப்புக்குடி. உங்க அப்பாவும் ராத்திரி கேட்டைப் பூட்டினாரே."

"அப்பா தானும் உள்ள இருந்துகிட்டுப் பூட்டினார்."

"எல்லாம் போகப் போகச் சரியாகும்."

"உள்ளேயிருந்து தட்டிப் பார்த்தேன்மா. எதிர்வீட்டுல டிவி சத்தத்தைக் கூட்டுறாங்க."

நான் அவள் உச்சந்தலையில் எண்ணெயை ஊற்றி அழுத்தித் தேய்த்தேன். உச்சியில் அழுத்தித் தேய்த்தால் கண் சொக்கும், குழந்தையிலிருந்தே அவளுக்கு அப்படித்தான். பேச்சு நின்றுவிட்டது. நின்றதும், சரி, மனசு ஆறிவிட்டது என்று எனக்கு நிம்மதி. கடைசி வெள்ளிக்கிழமை அவள் ஒன்றுமே பேசவில்லை. கார்கூட அன்று காலையில் கத்தவில்லை. வீடு அவ்வளவு அமைதி. எனக்கு ஒரு வெண்பா எழுதலாம்போல இருந்தது.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் நல்ல நேரம் பார்த்துக் கிளம்பினோம். பெல்ட்டை மாற்றிவிட்டுப் போகலாம் என்று செல்லையா முணுமுணுத்தார். நேரம் தப்பிவிடும், போய்விட்டு வந்து மாற்றலாம், இப்போதுதான் சத்தமே இல்லையே என்றேன். குழலி பின்சீட்டில் என் பக்கத்தில் இருந்தாள். மடியில் தாம்பூலத் தட்டு, பழம், இரண்டு பக்கமும் பை. நிறைந்த கார்.

இதோ புளியங்குடி. எலுமிச்சை வாசனை வருகிறது பார். இன்னும் கொஞ்ச தூரம். அந்த இடம் வந்ததும் காட்டுகிறேன்.

அன்றைக்கு இந்த ஊரைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறோம். முன்னால் டப் என்று ஒரு சத்தம். யாரோ பெரிய வாழையிலையை ஓங்கி அறைந்ததுபோல. ஒரே ஒரு அசை. செல்லையாவின் முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. "போச்சு" என்றார். ஓரம்கட்டுவதற்குள் பானெட்டின் இடுக்கு வழியாக ஆவி வந்தது, இட்லிக் கொப்பரையைத் திறந்தாற்போல. பெல்ட் அறுந்தால் ஃபேன் சுற்றாது, தண்ணீர் ஓடாது, இன்ஜின் கொதித்துவிடும். இதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அதோ! அதோ அந்தப் புளியமரம். இந்தப் பக்கம் பார், சரிவில் கல் கிடக்கிறதே, அதன் பக்கத்தில்தான் நின்றோம். போய்விட்டது. பஸ்ஸில் போனால் ஒரு நொடி. அன்றைக்கு அரைநாள்.

செல்லையா நடந்துபோய் ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்தார். மைதீன் என்று பெயர். ஒரு மொபெட்டில் வந்து இறங்கும்போதே போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு யாரோடோ சண்டை. "கெடா ரெண்டுன்னு சொன்னது உம்ம வாய்தானே? இப்ப ஒண்ணுதான்னா மீதிப் பந்திக்கு என்னைய அறுத்துப் போடுவீரா?" என்று கேட்டுக்கொண்டே பானெட்டுக்குள் கையைவிட்டார். அறுந்த பெல்ட்டை வெளியே இழுத்தார். கறுப்பாக, பளபளவென்று, நீளமாக வந்தது. விரலால் நசுக்கிப் பார்த்தார். போனை அணைத்துவிட்டார்.

"என்ன டிரைவரே, இது பெல்ட்டா, எண்ணெய்க் கத்திரிக்காயா? யாரு எண்ணெய் விட்டது இதுல?"

செல்லையா என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மலை அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

"நான்தான் பாய்" என்றார் செல்லையா.

"வயசுதான் ஆயிருக்கு உமக்கு. ரப்பர் எண்ணெயக் குடிச்சு ஊறிப்போச்சுவே. சத்தமில்லாம வழுக்கிக்கிட்டே சுத்தியிருக்கு. கத்திக்கிட்டுக் கிடந்திருந்தாலாவது மாத்தியிருப்பீரு."

அவர் ஏதோ மெஷின் எண்ணெயைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் விட்டது செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். தலைக்கு வைப்பது, தோசைக்கு ஊற்றுவது. அது ரப்பரை என்ன செய்யப்போகிறது? அவரோடு நின்று வாதாடுவானேன் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் காருக்கு உரிய பெல்ட் புளியங்குடியில் கிடைக்காதாம். "ராஜபாளையத்துல ஒரு கடை இருக்கு, பழைய வண்டிச் சாமானெல்லாம் வச்சிருப்பான். இத எடுத்துக்கிட்டுப் போயி, அளவுக்கு அளவு பக்கத்துல வச்சுப் பாத்து வாங்கிட்டு வாரும். நம்பரு அழிஞ்சு போச்சு" என்றார் மைதீன். செல்லையா அறுந்த பெல்ட்டைத் துண்டுபோலத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். மைதீனும் கெடா விஷயமாகப் போனார். வெயிலில் அந்தக் காரும் நாங்கள் இரண்டு பேரும்.

பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் தட்டில் சரிந்த வெற்றிலையை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"நான் திரும்பி வந்தா என்ன சொல்லுவே?"

"நல்ல நேரத்துல கிளம்பினவ பேசுற பேச்சா இது? தெருவுல என்ன நினைப்பாங்க?"

"தெருவைக் கேக்கல. நீ என்ன சொல்லுவே?"

பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றினேன். "ஆறிடும், குடி" என்றேன். வேறு என்ன சொல்ல? நீயாக இருந்தால் என்ன சொல்வாய்? எனக்கு எழுபது வயதாகிறது. அவர் இல்லை. கூடப் பிறந்தவர்கள் ஆளுக்கொரு ஊரில். நான் யாரிடம் போய் நிற்பேன்? மாப்பிள்ளையிடம் ஏன் பூட்டுகிறீர்கள் என்று எந்த முகத்தோடு கேட்பேன்? மேடை ஏறினால் பேசிவிடுவேன். ஒரு மனிதரிடம் நேருக்கு நேர் நின்று பேச எனக்கு எப்போதுமே நா எழாது.

காபியை அவள் குடிக்கவில்லை. டம்ளரைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கிப்போய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். தென்காசிக்குப் போகிற பஸ் ஒன்று வந்தது. அவள் கையைக் காட்டவில்லை. சும்மாதான் நின்றாள். ஆள் நிற்பதைப் பார்த்து அவனாகவே வேகத்தைக் குறைத்தான். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏறுதியாம்மா, இல்லையா?" என்று கேட்டான்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வெயில்ல நிக்காதடி. கறுத்துப்போனா மாப்பிள்ளை என்ன சொல்லுவார்?" என்றேன்.

கண்டக்டர் விசிலடித்தான். பஸ் போய்விட்டது. வந்து பழையபடி உட்கார்ந்துகொண்டாள். பார்த்தாயா, எவ்வளவு சொல் பேச்சுக் கேட்கிற பெண். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.

சாயங்காலம் ஆகப் போகிற நேரத்தில் செல்லையா புது பெல்ட்டோடு வந்தார். மைதீனும் வந்தார். ஒரு கெடாதான் என்று முடிவாகிவிட்டது போலிருக்கிறது, முகம் அப்படி இருந்தது. டைனமோவைப் பிடித்திருந்த போல்ட்டைத் தளர்த்தினார். டைனமோவை இன்ஜின் பக்கமாகத் தள்ளினார். புது பெல்ட்டை ஃபேனின் இறக்கைகளைத் தாண்டி நுழைத்து, கீழே ஒரு சக்கரம், நடுவில் ஃபேன் சக்கரம், இந்தப் பக்கம் டைனமோ சக்கரம் என்று மூன்றிலும் மாட்டினார். பிறகு நீளமான கம்பி ஒன்றை இடுக்கில் கொடுத்து டைனமோவை வெளியே நெம்பிப் பிடித்துக்கொண்டு, "இறுக்கும் டிரைவரே, இப்ப" என்றார். செல்லையா ஸ்பேனரைத் திருகினார். மைதீன் பெருவிரலால் பெல்ட்டின் நடுவில் அமுக்கிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம். ஆங், போதும், போதும். கொன்னுராதீரும்."

குழலி பக்கத்தில் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, ரொம்ப இறுக்கிட்டா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"பேரிங் போயிரும் தங்கச்சி. உள்ள இருக்குதுல்லா, அது வெளியத் தெரியாது. ஒருநாள் அப்படியே நின்னுரும்."

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அப்பாவைப்போல இயந்திரங்களில் ஆர்வம்.

"நீயே சாவியத் திருகு தங்கச்சி" என்றார். திருகினாள். கார் கிளம்பியது. ஒரு கீச்சு இல்லை, ஒரு முனகல் இல்லை. பட்டுத்துணியை இழுத்தாற்போல ஓடியது. "புது பெல்ட்டு கொஞ்சம் இழுக்கும், ஒரு வாரம் கழிச்சுக் கொண்டாங்க, மறுபடி இறுக்கித் தாரேன்" என்று சொல்லிவிட்டு மைதீன் போனார்.

"நல்லா இருக்கும்மா" என்றாள் குழலி. "இப்ப ஒரு சத்தமும் இல்ல." அவள் வாயால் அப்படிச் சொன்னது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு ராஜபாளையம் வரைக்கும் சீட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன், கண் திறந்துதான் இருந்தது.

மாப்பிள்ளை வாசலில் நின்றிருந்தார். பூட்டைத் திறந்து எங்களை உள்ளே விட்டார். "ஏன் அத்தை இவ்வளவு நேரம்?" என்று தாழ்ந்த குரலில்தான் கேட்டார். பெல்ட் கதையைச் சொன்னேன். சிரித்தார். குழலியைப் பார்த்து, "உள்ள போ" என்றார். போனாள். அவ்வளவுதான். கிளம்பும்போது செல்லையா என்ன நினைத்தாரோ, தெருமுனையில் நிறுத்தி ஹாரன் அடித்தார். பாம்பாம், பாம்பாம். எங்கள் வீட்டுப் பழக்கம் அவருக்கும் தெரியும். பதில் இல்லை. கல்யாணமான பெண் இன்னமும் கேட்டைத் தட்டிக்கொண்டா இருப்பாள்?

திரும்பும் வழியில் செல்லையா சொன்னார். "பூட்டு வெளிய தொங்குதேம்மா. பாப்பாவ விட்டுட்டு வந்தது மனசுக்கு ஒப்பல."

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க செல்லையா" என்றேன்.

அதன் பிறகு அவர் வரவில்லை. முழங்கால் வலி என்று மருமகளை விட்டுச் சொல்லியனுப்பினார். மனிதர்கள் இப்படித்தான், ஒரு சொல் பொறுக்கமாட்டார்கள். கார் ஷெட்டில் நிற்கிறது, சத்தமில்லாமல். அதனால்தான் பஸ்.

சிவகிரியா? சரி, இன்னும் கொஞ்ச நேரம்தான்.

குழலிக்குப் போன் செய்தால் அவர்தான் எடுக்கிறார். "தூங்குறா அத்தை", "குளிக்கிறா அத்தை." மரியாதையான பையன், ஒருநாள்கூட முகம் சுளித்துப் பேசியதில்லை. தலைதீபாவளிக்கு இரண்டு பேருக்கும் துணி எடுத்து வைத்திருந்தேன். மில்லில் லீவு இல்லை, வர முடியாது என்றார். தலைதீபாவளி! அன்று காலையில் தெரு முழுக்க வெடிச் சத்தம். நான் கிண்ணத்தில் எண்ணெயைக் காய்ச்சி வைத்துக்கொண்டு மணையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் மனசு கேட்காமல் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்தேன். பஸ்ஸில் வந்து, ஆட்டோ பிடித்து, வாசலில் போய் நின்றால் கேட்டில் பூட்டு. வீட்டுக் கதவிலும் பூட்டு. எங்கேயோ போயிருக்கிறார்கள் போல. "குழலி" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். மெதுவாகத்தான். நடுத்தெருவில் நின்று கத்தினால் நன்றாகவா இருக்கும்? எதிர்வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு சத்தம். டப்டப். ஒரு நிறுத்தம். டப்டப். பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள், ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை. வேலையாட்கள் யாரும் கண்ணில் படவில்லை. உள்ளே எங்கேயாவது அடித்திருப்பார்கள். தாளம் உலகத்துக்கெல்லாம் பொது அல்லவா? இரண்டு இரண்டாக அடிப்பது ஒன்றும் எங்கள் குடும்பச் சொத்து இல்லையே?

கொண்டுபோன பையைக் கேட்டில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஏன் அம்மா அப்படிப் பார்க்கிறாய்?

வீட்டுக்கு வந்தும் அந்தத் தாளம் காதை விட்டுப் போகவில்லை. சமைக்கும்போது கேட்கிறது. குளிக்கும்போது கேட்கிறது. காதில் நல்லெண்ணெயைக் காய்ச்சி இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். போகவில்லை. மறுபடி விட்டேன். போகவில்லை. எல்லாச் சத்தமும் எண்ணெய்க்கு அடங்கும், இது அடங்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு மறுபடி போகிறேன். போய் என்ன செய்வேன் என்று கேட்காதே. போய் நிற்பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பூட்டுத் தொங்கினால் என்ன செய்ய முடியும் என்னால்? நீயும் கூட வருகிறாயா? இரண்டு பேராக நின்று கூப்பிட்டால் கொஞ்சம் நன்றாகக் கேட்கும்.

போனை ஏன் எடுக்கிறாய்? யாருக்கு?

பெண்களுக்கென்று ஒரு நம்பர் இருக்கிறதே, அதுவா? வேண்டாம் அம்மா. வைத்துவிடு. ஒன்றும் இல்லாததைப் பெரிதாக்கக் கூடாது. அமைந்த வாழ்க்கை. மெதுவாகப் பேசு, முன்சீட்டில் திரும்பிப் பார்க்கிறார்கள். ஐயோ, கண்டக்டரும் பார்க்கிறார். வைத்துவிடு என்கிறேனே.

எடுத்துவிட்டார்களா?

என்ன கேட்கிறார்கள்? விலாசமா?

கொஞ்சம் இரு. இந்தப் பையை ஒரு நிமிஷம் பிடி.

பெயர் குழலி என்று சொல். மில்லுக்குப் பின்னால் புதிதாகப் போட்ட பிளாட், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி இரண்டாவது தெரு, கடைசி வீடு. பச்சைக் கேட். அவர்களுக்குக் கேட்கிறதா? சத்தமாகவே சொல் அம்மா, யார் பார்த்தால் என்ன. வெளியே பூட்டுத் தொங்கும். பூட்டைப் பார்த்துவிட்டு ஆள் இல்லை என்று திரும்பிவிட வேண்டாம் என்று சொல். கேட்டைத் தட்டச் சொல். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு தட்டு.

உள்ளேயிருந்து பதில் வரும்.